இலவசம் யார் கணக்கில்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு, அங்கத்தினர்கள் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, சங்கத்திலிருந்து ஒரு தபால் போட்டால்கூட அதற்குச் செலவுச் சீட்டு எழுதுகிறோம். என் பேரன் நாள் முழுவதும் கைபேசியில் படம் அனுப்புகிறான், படம் பார்க்கிறான், சீமையில் இருப்பவர்களோடெல்லாம் பேசுகிறான். மாதச் சந்தாவுக்கு மேல் ஒரு காசு கேட்பாரில்லை. இந்தச் செலவையெல்லாம் எந்தப் புண்ணியவான் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான்?" என்று கேட்டார். சபையினர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. அன்று ஏதோ சுருக்கமாகக் கூறி அமர்ந்துவிட்டோம். அன்று கூறாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் மாதந்தோறும் கட்டும் சந்தா தொலைபேசி நிறுவனத்தைச் சேர்வது. அது சாலைக்குக் கட்டும் சுங்கம் போன்றது. அச்சாலையின் இருமருங்கிலும் உள்ள கடைகளே வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகிள் தேடல் முதலியவை. நாம் கட்டும் சுங்கத்திலிருந்து இக்கடைகளுக்குப் பங்கு போவதில்லை. ஆயினும் இவற்றுக்காகப் பெருங்கட்டடங்களில் எண்ணற்ற கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மின்சாரச் செலவு உண்டு. குளிரூட்டும் செலவு உண்டு. ஊழியர் சம்பளம் உண்டு. செலவு இருக்கிறதென்றால் வரவும் எங்கோ இருந்தே தீரவேண்டும்.

ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் செல்லும்போது நாம் மனத்திற்கொள்ளும் கேள்விகள் நான்கு. செலவை ஏற்பவர் யார்? பேரேடு யார் கையில் இருக்கிறது? அங்கத்தினர் விலக விரும்பினால் தம்முடையதை எடுத்துச் செல்ல முடியுமா? முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இக்கேள்விகளையே கைபேசியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

செலவை ஏற்பவர் யார்?

விளம்பரத்தைக் கொண்டு விலையைக் குறைக்கும் வழக்கம் புதியதன்று. 1833-இல் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் 'தி சன்' என்னும் நாளிதழைத் தொடங்கி ஒரு சென்டுக்கு விற்றார். மற்ற நாளிதழ்களின் விலை அப்போது ஆறு சென்ட். குறைந்த விலையால் வாசகர் பெருகினர். வாசகர் பெருகியதால் விளம்பரம் கொடுப்போர் பெருகினர். நஷ்டத்தை அவர்கள் ஈடு செய்தனர். இணையத்திலும் 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்டு' என்ற தளத்தில் பட்டை விளம்பரங்கள் தோன்றியபோது இதே முறைதான் தொடர்ந்தது.

ஆனால் பத்திரிகை விளம்பரத்திற்கும் இன்றைய கைபேசி விளம்பரத்திற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பத்திரிகையில் வரும் விளம்பரம் எல்லோருக்கும் ஒன்றே. கைபேசியிலோ ஆளுக்கொரு விளம்பரம். விவசாயி ஒருவர் சொட்டு நீர்க் குழாயின் விலை என்னவென்று கூகிளில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொத்தானை அழுத்திய கணத்தில், அவர் கண்ணில் முதலில் படும் உரிமைக்காகக் குழாய் விற்பவர்களிடையே ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஏலம் கூறும் மனிதர் இல்லை. எல்லாம் கணிப்பொறியே செய்கிறது. ஏலம் விடப்பட்ட பொருள் குழாய் அன்று, அவ்விவசாயியின் பார்வை.

இந்த ஏலத்தின் வரவு சாமானியமானதன்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமை கொண்ட மெட்டா நிறுவனத்தின் வருவாய் 2024-இல் 16,450 கோடி டாலர். இதில் 16,000 கோடி டாலருக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்ததே. கூகிளின் தாய் நிறுவனத்திற்கு அதே ஆண்டில் வந்த சுமார் 35,000 கோடி டாலரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விளம்பர வருவாய்.

விளம்பரம் கொடுக்கும் வியாபாரி இத்தொகையைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதில்லை. சரக்கின் விலையில் ஏற்றுகிறார். சோப்பு வாங்கினாலும் குழாய் வாங்கினாலும் அதில் ஒரு பகுதியை நாமே செலுத்துகிறோம். ஆகவே, முதியவர் கேட்ட புண்ணியவான் வேறு யாருமல்லர், அவரேதான். ரசீது மட்டும் அவர் கைக்கு வருவதில்லை.

விற்கப்படும் சரக்கு எது?

சரக்கு பார்வையாக இருக்கும்போது, அச்சரக்கு அதிகம் விளைய வேண்டும் என்று நிறுவனங்கள் விரும்புவதும் இயல்பே. ஒரு நாளுக்கு 24 மணி நேரந்தான். உறக்கம், உழைப்பு, உணவு, உறவு எல்லாவற்றுக்கும் பகிர்ந்து மீதமிருக்கும் நேரத்தை எப்படி மேலும் மேலும் பெறலாம் என்பதே அவர்களுடைய ஆராய்ச்சி.

பாவு ஓட்டும் நெசவாளர் அறிவார், பாவுக்கு ஒரு நீளம் உண்டு என்பதை. சேலை முடிந்ததும் அறுக்கிறோம். எழுந்து கை கால் நீட்டுகிறோம். பத்திரிகைக்கும் கடைசிப் பக்கம் இருந்தது. ஆனால் 2006-இல் ஏஸா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கிய ஒரு முறையில், திரையைத் தள்ளத் தள்ள அடுத்த விஷயம் தானே வந்து நிற்கும். பக்கம் முடிவதே இல்லை. பின்னாளில் அவரே இதற்காக வருத்தம் தெரிவித்தார். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. நாம் இட்ட படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று பார்க்க மீண்டும் மீண்டும் கைபேசியை எடுக்கும் பழக்கம் அதன் பின் ஊரெங்கும் பரவியது.

இளைஞர்களை மட்டும் இதற்காகக் குறை கூறுதல் நியாயமன்று. நாமும் அலுவல் முடிந்து வீடு திரும்பி, ஐந்து நிமிஷம் என்று கைபேசியை எடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வைத்திருக்கிறோம். பட்டம் பெற்றவர் என்பதனால் இதற்குத் தப்பியவர் எவரையும் நாம் கண்டதில்லை.

அனுப்புவதற்குச் செலவில்லை என்பதிலும் ஒரு தீங்கு உண்டு. தந்திக்குச் சொற்களை எண்ணிக் காசு கொடுத்த காலத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எழுதினோம். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. இன்று ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று சிந்திக்க ஆகும் நேரத்தைவிட அதைப் பத்துப் பேருக்கு அனுப்ப ஆகும் நேரம் குறைவு. 2018-இல் பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. இந்தியாவில் பல இடங்களில், நம் மாநிலத்திலும், ஒரு பாவமும் அறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் மறுபடி அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டியது. காசு இல்லாத இடத்தில் கட்டுப்பாடாவது வேண்டும் என்பதை உயிர்ப்பலிகளுக்குப் பின்னரே உணர்ந்தார்கள்.

பேரேடு யார் கையில்?

வாட்ஸ்அப் செயலியின் சரித்திரத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். 2009-இல் ஜான் கூம், பிரயன் ஆக்டன் என்ற இருவர் இதைத் தொடங்கினர். விளம்பரம் கூடாது என்பது அவர்களது கொள்கை. முதலாண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தனர். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் இதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் ஒரு டாலர் சந்தா ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உபயோகிப்போரைப் பற்றிய விவரங்களைத் தாய் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று விதி திருத்தப்பட்டது. 2021-இல் வந்த திருத்தத்தில், ஒப்புக்கொள்ளாமலிருக்கும் வாய்ப்பும் இந்தியருக்குக் கொடுக்கப்படவில்லை. இதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. விளம்பரமே கூடாது என்று தொடங்கிய அச்செயலியின் ஒரு பகுதியில் விளம்பரம் இடம்பெறும் என 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது.

நியாயமாக ஒன்றைக் கூற வேண்டும். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் பூட்டிய உறையில் செல்வதுபோல் செல்கின்றன. உள்ளிருப்பதை நிறுவனமும் படிக்க இயலாது. ஆயினும் உறையின் மேலுள்ள முகவரி தெரியும் அல்லவா? யார் யாருக்கு எழுதினார், எப்போது எழுதினார், எந்த வியாபாரியோடு தொடர்பு கொண்டார் என்பன போன்ற விவரங்கள் பேரேட்டில் ஏறுகின்றன. ஒரு மண்டிக்காரருக்கு எந்தெந்த விவசாயி எப்போது யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் தெரிந்தாலே போதும். பேச்சைக் கேட்காமலே அவர் விலையைக் கணித்துவிடுவார்.

அந்த ஒரு டாலர் சந்தா ரத்தானபோது எல்லோரும் மகிழ்ந்தோம். இன்று எண்ணிப் பார்க்கும்போது, மகிழ்ந்தது தவறு என்றே நமக்குத் தோன்றுகிறது. சந்தா கட்டுபவன் வாடிக்கைக்காரன். அவனைத் திருப்தி செய்ய நிறுவனம் கடமைப்பட்டது. சந்தா கட்டாதவனுக்குக் கேள்வி கேட்க இடமில்லை. அவன் வாங்குபவன் பக்கமும் இல்லை, விற்பவன் பக்கமும் இல்லை. தராசுத் தட்டில் இருக்கிறான்.

விலகும்போது எதை எடுத்துச் செல்லலாம்?

சங்கத்திலிருந்து விலகும் அங்கத்தினர் விதிகளுக்கு உட்பட்டுத் தம் பங்குத்தொகையைத் திரும்பப் பெறுகிறார். கைபேசி எண்ணிலும் இத்தகைய உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலும் அப்படியே, ஒரு நிறுவனத்தில் முகவரி வைத்திருப்பவர் வேறெந்த நிறுவனத்தில் இருப்பவருக்கும் எழுதலாம். ஆனால் ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாடிக்கைக்காரர் கூட்டத்தை வேறிடத்திற்குக் கொண்டுபோக வழியில்லை.

இந்தியர் பலர் கூடிப் பழகிய 'ஆர்குட்' 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 'டிக்டாக்' உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு 2020 ஜூன் 29-இல் தடை செய்தது. தடையின் நியாயத்தை நாம் இங்கே ஆராயவில்லை. கிராமங்களில் இருந்துகொண்டு ஆடியும் பாடியும் லட்சக்கணக்கான ரசிகரைச் சேர்த்த எளிய மக்கள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தனர் என்பதையே நினைவூட்டுகிறோம். காசு கொடுத்து வாங்கியதற்கும் உறுதியில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைத் தகராறு காரணமாக ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நூல்களின் சில பிரதிகளை, வாங்கியவர்களின் 'கிண்டில்' கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தனர். பின்னர் மன்னிப்பும் கேட்டனர். எனினும் விற்ற புத்தகத்தை வாங்கியவர் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லும் சாவி விற்றவரிடமே இருக்கிறது என்பது அன்று வெளிப்பட்டது.

நம் தணிக்கை எல்லையிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்திற்கும் இவ்வாறு நேர்ந்தது. அங்கே பணிபுரியும் இளம் எழுத்தர் சுறுசுறுப்பானவர். சேலைகளைப் படமெடுத்து ஒரு செயலியில் நாள்தோறும் இட்டுவந்தார். வெளியூர்களிலிருந்து ஆர்டர்கள் வரலாயின. தேங்கிக் கிடந்த சரக்கு நகர்ந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. ஒரு நாள் காலை அக்கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி. எந்த விதி என்று கூறவில்லை. மனுக் கொடுக்க அலுவலகம் இல்லை, பேச ஆள் இல்லை. எழுதியதற்கெல்லாம் கணிப்பொறியே பதில் எழுதியது. தீபாவளி நெருங்கிய சமயம். தறிகளில் சேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாங்குவோர் பெயரும் முகவரியும் செயலிக்குள் அகப்பட்டுக்கொண்டன. முடிவில் அவர்களைக் காத்தது எது தெரியுமா? தணிக்கைக்காகச் சணல் கயிற்றில் கோத்து வைத்திருந்த கூரியர் ரசீதுகள். அவற்றை நான்கு பேர் அமர்ந்து பிரித்துப் பார்த்து முகவரிகளில் ஒரு பகுதியைத் திரட்டினர். அந்த ஆண்டு நெசவாளர்களுக்குக் கூலி நிலுவையில் நிற்காமல் போனது அந்த ரசீதுக் கட்டினால்தான்.

இலவசம் இருவகை

இதனால் இலவசம் யாவும் தூண்டில் என்று நாம் கூறுவதாகக் கருதவேண்டாம். கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பவரும் இலவசமாகத்தான் கொடுக்கிறார். நூலும் முன்பணமும் வட்டியில்லாமல் கொடுக்கும் முதலாளியும் இலவசமாகவே கொடுப்பதாகச் சொல்கிறார். முன்னவரிடம் தண்ணீர் குடித்தவர் தம் வழியே போகலாம். பின்னவரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் சொன்ன சேலையை நெய்து, அவர் சொன்ன கூலிக்கு, அவருக்கே கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சங்கங்கள் தோன்றியதே இதனால்தான்.

இணையத்திலும் தண்ணீர்ப்பந்தல்கள் உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் திட்டமிட்ட உலகளாவிய வலையை, அக்கூடம் 1993 ஏப்ரல் 30-இல் எவரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று பொதுவுக்கு விட்டது. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா, நன்கொடையாலும் தொண்டர் உழைப்பாலும் விளம்பரமின்றி நடந்துவருகிறது. 2003 முதல் தமிழிலும் உள்ளது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய பிரயன் ஆக்டனே 2017-இல் அந்நிறுவனத்தை விட்டு விலகி, 'சிக்னல்' என்னும் செய்திச் செயலியை நடத்தும் லாப நோக்கமற்ற அறக்கட்டளைக்கு 2018-இல் 5 கோடி டாலர் அளித்து உதவினார்.

முன்பண வகையைச் சேர்ந்த இலவசத்தை நம் நாடு ஒருமுறை மறுத்ததும் உண்டு. ஃபேஸ்புக் நிறுவனம் 2015-இல் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற திட்டத்தைக் கொணர்ந்தது. ஏழைகளுக்கு இணையம் இலவசம் என்றனர். ஆனால் அத்திட்டத்தில் சேர்ந்த தளங்களை மட்டுமே இலவசமாகக் காணலாம். சாலை இலவசம், போகும் கடை எங்கள் சம்மதம் பெற்ற கடை என்பது இதன் பொருள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின், பார்க்கும் விஷயத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாரபட்சம் காட்டலாகாது என்று 2016 பிப்ரவரி 8-இல் விதி செய்தது. நிறுவனம் இந்தியாவில் திட்டத்தைக் கைவிட்டது. கேள்வி கேட்கப் போதிய பேர் முன்வந்தால் எவ்வளவு பெரிய ஸ்தாபனமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கைபேசியை வீசியெறிய வேண்டும் என்பது நம் யோசனையன்று. இடைத்தரகர் இல்லாமல் வாங்குவோரை நேரில் அடைய அது நல்ல கருவி. கருவியை நாம் ஆள வேண்டும் என்பதே கருத்து. இதற்குச் சில யோசனைகள் கூறுவோம்.

முதலாவது, வாங்குவோர் பதிவேடு ஒன்று சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கிய சரக்கு, தேதி ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் எழுதிவருதல் வேண்டும். இரண்டாவது, வியாபாரத்திற்குரிய தொலைபேசி எண் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். காரியதரிசியின் சொந்த எண்ணில் சங்க வியாபாரம் நடத்தலாகாது. கடவுச்சொல் தலைவர், காரியதரிசி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது அது மாற்றப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். மூன்றாவது, ஒரே செயலியை நம்பியிராமல், சிறு ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் சொந்த இணைய முகவரி ஒன்றைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது காசு கொடுத்துப் பெறுவது, ஆகவே நம்முடையது. நான்காவது, 'லைக்' எண்ணிக்கையை விற்பனையாகக் கருதிச் சரக்கு உற்பத்தியைத் திட்டமிடலாகாது. ரொக்கப் புத்தகத்தில் ஏறியதே விற்பனை.

இறுதியாக நான்காம் கேள்விக்கு வருவோம். முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் பங்குத்தொகை போட்டுக் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். இலவசமாக எதுவும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படவில்லை. நல்ல சரக்கு, சரியான எடை, கணக்குக் கேட்கும் உரிமை ஆகியவற்றுக்காகவே காசு கொடுத்தனர்.

மகாசபையில் எழுந்து கேள்வி கேட்ட முதியவரும் அவ்வாறே பங்குத்தொகை கட்டியவர். அதனால்தான் தலைவரும் காரியதரிசியும் நாமும் உட்கார்ந்து அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டோம். அவர் பேரன் உபயோகிக்கும் செயலிகளில் மகாசபை இல்லை. ஆகையால் அச்செயலிகளைப் பற்றிய கேள்விகளை நம் மகாசபைகளிலேயே கேட்கத் தொடங்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வாங்குவோர் பதிவேடு சங்கத்திடம் இருக்கிறதா என்ற ஒரு பொருளையேனும் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தணிக்கைக்கு வரும்போது நாமும் அதைக் கேட்போம்.